வேடந்தாங்கலும் கரிக்கிலியும்: குடும்பத்தோடு ஒரு நாள் பறவை பார்க்க முழு வழிகாட்டி

வேடந்தாங்கலுக்குப் போய்விட்டு ஏமாந்து திரும்பியவர்கள் நிறைய பேர். "தூரத்துல வெள்ளை வெள்ளையா ஏதோ மரத்துல உட்கார்ந்திருந்துச்சு, வெயில் தாங்கலை, பசங்க நச்சரிக்க ஆரம்பிச்சுட்டாங்க, கிளம்பிட்டோம்" என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் போய்ச் சேர்ந்த நேரம் பதினொரு மணியாக இருக்கும். கையில் பைனாகுலர் இருந்திருக்காது, இருந்தாலும் யாருக்கும் அதைத் திருகத் தெரிந்திருக்காது. கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, வந்த வேலை முடிந்தது என்று திரும்பியிருப்பார்கள்.

பாட்டியிலிருந்து யூ.கே.ஜி. பிள்ளை வரை எல்லோரும் ஒரே வண்டியில் போகும் பயணத்துக்காக இதை எழுதுகிறேன். சென்னைப் பக்கத்திலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொண்டிருக்கிறேன். இடையில் பல விஷயங்கள் வரும், ஆனால் நான் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான்: ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள், அதன் எதிரே அரை மணி நேரம் உட்காருங்கள். மற்றதெல்லாம் அந்த அரை மணி நேரத்துக்கான ஏற்பாடுதான்.

முதலில் தண்ணீர், அப்புறம் தேதி

வேடந்தாங்கல் மழையை நம்பி நிற்கும் பாசன ஏரி. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பினால் பறவைகள் கூடு கட்டும். மழை பொய்த்தால் வராது, வந்தவையும் தங்காது. நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறிப்பதற்கு முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வனத்துறை அலுவலகத்தில் கேட்கலாம். அதைவிடச் சுலபம், பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலைப் பதியும் இபேர்ட் இணையதளத்தில் வேடந்தாங்கல் பக்கத்தைத் திறந்து, கடந்த வாரம் போனவர்கள் என்ன பார்த்தார்கள் என்று படிப்பது. ஐம்பது அறுபது இனங்களோடு பட்டியல் வந்திருந்தால் தைரியமாகக் கிளம்பலாம்.

சீசன் நவம்பர் முதல் மார்ச் வரை என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கும். அது சரிதான், ஆனால் ஒவ்வொரு மாதமும் காட்டும் காட்சி வேறு. நவம்பர், டிசம்பரில் ஜோடி சேர்வது, குச்சி பொறுக்குவது, இடத்துக்குச் சண்டை போடுவது எல்லாம் நடக்கும். ஜனவரி பாதிக்கு மேல் பிப்ரவரி முடிய குஞ்சுகளின் காலம். மார்ச்சில் குஞ்சுகள் அம்மா அப்பா உயரத்துக்கு வளர்ந்து, பறந்து பழகும். தண்ணீர் வற்ற வற்ற ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் கலைந்துவிடும். சின்னப் பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் பிப்ரவரியைத்தான் சொல்வேன். குஞ்சு அம்மாவின் தொண்டைக்குள் தலையை விட்டுச் சாப்பிடுவதைப் பார்த்த பிள்ளை அதற்கப்புறம் போன் கேட்காது.

பொங்கல் விடுமுறை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், முக்கியமாகக் காணும் பொங்கலை. ஞாயிற்றுக்கிழமையைவிடச் சனிக்கிழமை மேல். லீவு போட முடிந்தால் வார நாள் எல்லாவற்றையும்விட மேல்.

கிளம்பும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அங்கே நிற்பவர்களில் பாதிப் பேர் "இதெல்லாம் சைபீரியாவிலிருந்து முட்டை போட வந்திருக்கு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மரத்தில் கூடு கட்டியிருக்கும் நாரை, கூழைக்கடா, கொக்கு, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் நம் துணைக்கண்டத்துப் பறவைகளே. தண்ணீரும் இரையும் இருக்கும் இடம் தேடி உள்நாட்டுக்குள் அலைபவை. கடல் தாண்டியும் மலை தாண்டியும் வருபவை நீரில் மிதக்கும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் போன்றவைதான். அவை குளிருக்குத் தப்பி இரை தேடி வருகின்றன, இங்கே முட்டையிடுவதில்லை. வடக்கே திரும்பிப் போய்த்தான் குடும்பம் நடத்தும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால், மரத்தில் ஒரு கதை, தண்ணீரில் வேறு கதை என்று பிள்ளைகளே பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரு வாரம் முன்பே: மொட்டை மாடிப் பயிற்சி

பைனாகுலரை அங்கே போய் முதன்முதலாகக் கையில் எடுத்தால் பாதி நேரம் அதோடேயே போராட வேண்டியிருக்கும். வீட்டிலேயே பழகிவிடுங்கள்.

எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். கடையில் 8×42 அல்லது 8×32 என்று கேளுங்கள். முதல் எண் எத்தனை மடங்கு என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். பத்து மடங்கு வாங்கினால் பறவை பெரிதாகத் தெரியும் என்று நினைப்போம். ஆனால் கை நடுக்கமும் கூடவே பெரிதாகும், பார்வைக்குள் அடங்கும் பரப்பும் சுருங்கும். பிள்ளைகளுக்கு எடை குறைந்த 8×32 நல்லது. பெரியவர் ஒருவருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று எனக் குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்றே ஒன்றை எடுத்துப் போனால் பறவையைப் பார்ப்பதை விட்டுப் பஞ்சாயத்துதான் நடக்கும். வாங்க வேண்டும் என்றில்லை, யாரிடமாவது இரவல் கேட்கலாம்.

சரிசெய்யும் முறை இது. கண்ணாடி போடுபவர் என்றால் கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிடுங்கள், போடாதவர் வெளியே இழுத்துவிடுங்கள். இரண்டு குழாய்களையும் மடக்கி விரித்து, தெரிவது இரண்டு வட்டமாக இல்லாமல் ஒரே வட்டமாக வரும்படி வையுங்கள். தூரத்துத் தண்ணீர்த் தொட்டியையோ கோயில் கோபுரத்தையோ நோக்கி, வலது பக்கக் கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது பக்கத்தை மூடி, வலது கண் வளையத்தை மட்டும் திருகி அதே இடத்தைத் தெளிவாக்குங்கள். (சில மாடல்களில் இந்த வளையம் இடது பக்கம் இருக்கும், அப்போது வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.) இனி அந்த ஆளுக்கு நடுச்சக்கரம் மட்டும் போதும்.

பிள்ளைகள் தடுமாறுவது வேறிடத்தில். பைனாகுலரைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு அதை வானமெல்லாம் அலைத்துப் பறவையைத் தேடுவார்கள், கிடைக்காது. கண்ணை முதலில் பறவை மேல் வைக்கச் சொல்லுங்கள். கண்ணை எடுக்காமல், தலையை அசைக்காமல், பைனாகுலரை மட்டும் கண்ணுக்கு உயர்த்தச் சொல்லுங்கள். மாடியில் உட்காரும் காகமும் மைனாவும் இதற்குப் போதும். நாலைந்து மாலை பழகினால் கைக்கு வந்துவிடும். கழுத்துப் பட்டையை மாட்டாமல் தொடக் கூடாது என்ற சட்டத்தையும் அப்போதே போட்டுவிடுங்கள்.

இன்னொரு வீட்டுப்பாடம்: ஒரு தாளில் ஐந்து அலகுகளை மட்டும் வரையச் சொல்லுங்கள். நடுவில் இடைவெளி விட்ட அலகு, கரண்டி அலகு, கீழ்நோக்கி வளைந்த அரிவாள் அலகு, பை தொங்கும் அலகு, நேரான ஈட்டி அலகு. பெயர் எழுத வேண்டாம். ஏரிக்கரையில் எந்த அலகு யாருடையது என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. முப்பது படம் போட்ட அட்டையைக் கையில் திணிப்பதைவிட இது பல மடங்கு நன்றாக வேலை செய்கிறது.

பையில் என்ன

தண்ணீர், தொப்பி, மடக்கு ஸ்டூல் ஒன்றிரண்டு (பெரியவர்களுக்கு இது அவசியம்), பழைய போர்வை, பென்சில், சின்ன நோட்டு, ஒரு குப்பைப் பை. சாப்பாட்டுக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும் போல ஒழுகாத எதுவானாலும் சரி. சிப்ஸ் பாக்கெட் வேண்டாம், அதன் சத்தமே போதும் பக்கத்துப் புதரில் இருப்பதைக் கிளப்பிவிட. உடை பச்சை, காக்கி, மண் நிறத்தில் இருக்கட்டும். பளிச்சென்ற வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். வாசனைத் திரவியம் பற்றிக் கவலைப்படாதீர்கள், உங்களைக் காட்டிக்கொடுப்பது அசைவும் சத்தமும்தான்.

கிளம்பும் நேரமும் வழியும்

சரணாலயம் காலை 6 மணிக்குத் திறக்கும், மாலை 6 மணிக்கு மூடும். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். நாலரை மணிக்கு வண்டி எடுத்தால் சரியாக இருக்கும். பிள்ளைகளை முந்தின இரவே உடை மாற்றிப் படுக்க வைத்து, அப்படியே தூக்கி வண்டியில் போட்டுவிடலாம். ஜி.எஸ்.டி. சாலையில் பரனூர் சுங்கச்சாவடி, செங்கல்பட்டு, பாலாற்றுப் பாலம் எல்லாம் தாண்டி, படாளம் கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்ப வேண்டும். வண்டி இல்லாதவர்கள் செங்கல்பட்டு வரை மின்சார ரயிலில் வந்து அங்கிருந்து ஆட்டோவோ காரோ பேசிக்கொள்ளலாம். பேருந்து உண்டு, ஆனால் விடியலுக்குப் போய்ச் சேர அதை நம்ப முடியாது.

படாளத்தில் திரும்பியதுமே எல்லோரையும் எழுப்பிவிடுங்கள். ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலய எல்லைதான், பறவைகளில் பல இரை தேடுவதே இந்த வயல்களில்தான். ஜன்னலை இறக்கி மெதுவாக ஓட்டுங்கள். மின்கம்பியில் பனங்காடை, கரிச்சான், வெண்மார்பு மீன்கொத்தி. வரப்பில் மடையான் குனிந்து நிற்கும், பக்கத்தில் போகும்வரை மண்ணாங்கட்டி என்றே தோன்றும், எழுந்தால் வெள்ளைவெளேரென்று சிறகு விரியும். நடவு வயலில் நத்தை குத்தி நாரைகள் கூட்டமாக நடந்துகொண்டிருந்தால் ஓரமாக நிறுத்துங்கள். வண்டிக்குள் இருந்தே பாருங்கள். பறவைகள் வண்டிக்குப் பயப்படுவதில்லை, கதவைத் திறந்து இறங்கும் மனிதனுக்குத்தான் பயப்படுகின்றன.

கரையில் முதல் பத்து நிமிடம்

டிக்கெட் வாங்கிக் கரை ஏறியதும் பைனாகுலரை எடுக்காதீர்கள். காதை மட்டும் திறந்து வையுங்கள். கடகடவென்று குஞ்சுகளின் சத்தம், சிறகடிப்பு, எச்சத்தின் நெடி. சின்னவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். அந்த நெடியைப் பற்றிச் சொல்ல அதுவே நல்ல தருணம். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் கீழே உள்ள வயல்களுக்கு உரமாகப் பாய்கிறது. இந்த ஊர்க்காரர்கள் பறவைகளை விடாமல் காத்து வருவதற்கு அது ஒரு காரணம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் பத்திரமே (அரசு எழுதிக் கொடுக்கும் உறுதி) வாங்கிவிட்டார்கள். அன்று செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ். வனவிலங்குச் சட்டமெல்லாம் வருவதற்கு ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு முந்தைய சங்கதி இது. 2022இல்தான் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலிச் சரணாலயமும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

அப்புறம் பறக்கும் பறவைகளைப் பாருங்கள். இங்கே ஒரு சுலபமான சூத்திரம் உண்டு. கழுத்தை நேராக நீட்டிப் பறந்தால் நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் போன்றவற்றில் ஒன்று. கழுத்தை மடக்கித் தோளுக்குள் இழுத்துக்கொண்டு பறந்தால் கொக்கு வகை. மடக்கிய கழுத்தும், முன்னால் பெரிய அலகும், விமானம் இறங்குவது போன்ற உடம்பும் இருந்தால் கூழைக்கடா. சாம்பல் நாரையைப் பெயரில் நாரை என்கிறோமே தவிர அது கொக்குக் குடும்பம், கழுத்தை மடக்கித்தான் பறக்கும். தாத்தாவும் பேரனும் இதை வைத்தே பந்தயம் கட்டலாம்.

ஒரு மரம், அரை மணி நேரம்

ஏரிக்குள் மாதக்கணக்காகத் தண்ணீரில் மூழ்கி நிற்பவை பெரும்பாலும் கடப்ப மரங்கள். நீர்க்கடம்பு என்றும் சொல்வார்கள். எத்தனை நாள் தண்ணீரில் நின்றாலும் அழுகாத மரம். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பூனையோ நரியோ ஏற முடியாது. பறவைகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான வீட்டுமனை கிடையாது.

கரையை ஒட்டி, நெருக்கமாகத் தெரியும் மரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும்படி உட்காருங்கள். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். போர்வையை விரித்து, பெரியவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து, பைனாகுலரை முறைவைத்துக் கொடுங்கள்.

முதலில் மாடி பிரியுங்கள். பல இனங்கள் சேர்ந்து கூடு கட்டும் இடத்தில் பெரும்பாலும் பெரிய உடம்புக்காரர்கள் மேலே, சிறியவர்கள் கீழே. உச்சியில் கூழைக்கடாவோ மஞ்சள் மூக்கு நாரையோ, நடுவில் நத்தை குத்தியும் அரிவாள் மூக்கனும், கீழ்க்கிளைகளில் சின்ன நீர்க்காகமும் சின்னக்கொக்கும், இலை அடர்ந்த இருட்டில் தூங்கி வழியும் வக்கா. வக்கா இரவு வேலைக்காரன். சிவந்த கண்ணோடு குந்தியிருப்பதைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு கடலை மிட்டாய் என்று அறிவித்துவிடுங்கள்.

அடுத்து ஒரு கூட்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் மூக்கு நாரைக் கூடு என்றால் நல்லது. வளர்ந்த நாரைக்கு முகத்தில் இறகில்லாத செம்மஞ்சள் தோல், நீண்ட மஞ்சள் அலகு, வால் பக்கம் யாரோ ரோஸ் பவுடர் தூவிவிட்டாற்போல இளஞ்சிவப்பு. குஞ்சுக்கு இந்த நிறம் எதுவும் கிடையாது, அழுக்கு வெள்ளையும் பழுப்பும்தான். வளர்ந்த நாரைக்குக் குரல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஜோடி திரும்பி வந்து இறங்கும்போது கழுத்தை வளைத்து இரண்டு அலகையும் தட்டிக்கொள்ளும், அந்தச் சடசடப்பு காற்று இந்தப் பக்கம் வீசினால் கேட்கும். சத்தம் போடுவதெல்லாம் குஞ்சுகள். வெயில் ஏற ஏறப் பெற்றோரில் ஒன்று சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று சிறகை அகல விரிக்கும். உற்றுப் பாருங்கள், அதன் நிழலுக்குள் குஞ்சுகள் ஒடுங்கியிருக்கும். சூரியன் நகர நகர அதுவும் நகர்ந்து நிற்கும். இன்னொன்று தொண்டையில் கொண்டுவந்த தண்ணீரைக் குஞ்சுகள் மேல் கக்கிக் குளிர வைக்கும். சும்மா நடந்து போகிறவர்கள் கண்ணில் இது எதுவுமே படாது.

குச்சித் திருட்டையும் கவனியுங்கள். பக்கத்துக் கூட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்து ஒரு குச்சியை உருவிக்கொண்டு வருவதில் நீர்க்காகத்துக்குக் கூச்சமே கிடையாது. நம் வீட்டுப் பொடிசுகள் கைதட்டிச் சிரிக்கும் இடம் இதுதான், அந்த நேரத்தில் மட்டும் "ஷ்ஷ்" சொல்ல வேண்டியிருக்கும்.

நத்தை குத்தி நாரையின் அலகைப் பைனாகுலரில் கொண்டுவந்துவிட்டால் பிள்ளையிடம் கேளுங்கள்: "வாயை மூடியிருக்கா, திறந்திருக்கா?" மூடியிருக்கும், இருந்தும் நடுவில் இடைவெளி தெரியும். பிறக்கும்போதே வருவதல்ல இது, குஞ்சின் அலகு சாதாரணமாகத்தான் இருக்கும், வளர வளரத்தான் இடைவெளி விழும். பாக்குவெட்டி போல அந்த இடுக்கில் வைத்து நத்தையை உடைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஓட்டை அது உடைப்பதேயில்லை. கீழலகின் கூர்நுனியை ஓட்டின் வாய்க்குள் செலுத்தி, தசையை வெட்டி, சதையை முழுதாக உருவிவிடும். வரும் வழியில் வயல் வரப்பில் முழு ஓடுகள் காலியாகக் கிடந்திருந்தால் யார் வேலை என்று இப்போது புரிந்திருக்கும்.

அரை மணி நேரம் கழித்துப் பிள்ளைகள் எழுந்து ஓடினால் ஓடட்டும். எத்தனை இனம் என்று யாரும் பரீட்சை வைக்கப்போவதில்லை. ஒரு கூட்டை நன்றாகப் பார்த்த பிள்ளை, நாற்பது பெயரைக் கேட்டு மறந்த பிள்ளையைவிட அதிகம் பார்த்திருக்கிறது.

தண்ணீர் மட்டத்தில்

மரத்திலிருந்து கண்ணை இறக்குங்கள். தண்ணீருக்கு மேலே வெறும் கழுத்து மட்டும் பாம்பு போல நெளிந்து போனால் அது பாம்புத்தாரா. உடம்பை அமிழ்த்தியே நீந்தும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கிளையில் சிறகை விரித்துக் காயவைப்பதைப் பார்க்கலாம், ஆனால் வாத்துகள் அப்படிச் செய்வதில்லை. வாத்தின் இறகில் எண்ணெய் பூச்சு நன்றாக இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகு நனையும். நனைந்தால்தான் கனம் கூடி எளிதாக முங்க முடியும். முங்கி மீன் பிடிக்கிற வசதிக்கு அது கொடுக்கிற விலைதான் இந்தத் துணி காயப்போடும் வேலை.

நெற்றியில் நாமம் போட்ட கறுப்புப் பறவை நாமக்கோழி. குட்டியாக, பார்த்துக்கொண்டே இருக்கும்போது காணாமல் போய் வேறிடத்தில் முளைப்பது முக்குளிப்பான். எங்கே முளைக்கும் என்று விரல் நீட்டிச் சொல்லும் விளையாட்டு நன்றாகவே போகும்.

கரைக்குப் பின்னால்: மரங்களும் முட்புதரும்

ஏரிப் பறவைகள் தங்களைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், மரக்கூட்டத்துப் பறவைகள் அப்படியல்ல. ஏரியைச் சுற்றியுள்ள தோப்புகளிலும் வயல்களுக்கு இடையே கிடக்கும் முட்புதர்த் திட்டுகளிலும் காதால்தான் பார்க்க வேண்டும். எட்டரை மணிக்குள் இந்தப் பக்கம் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் எல்லாம் அடங்கிவிடும்.

எல்லோரும் ஓரிடத்தில் நில்லுங்கள். கண்ணை மூடி, கேட்கும் ஒவ்வொரு புதுக் குரலுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போதும். அப்புறம் குரல் வந்த திசையில், இலை ஆடும் இடத்தில் கண் வையுங்கள். "ஊப் ஊப்" என்று அடித்தொண்டையில் ஒலித்தால் செம்போத்து, தரையோடு தரையாகத் தேடுங்கள். ஏழெட்டுப் பேர் சேர்ந்து சண்டை போடுவது போலக் கேட்டால் தவிட்டுக்குருவிக் கூட்டம். டொக் டொக்கென்று தட்டல் கேட்டால் மரங்கொத்தி, அது தண்டைச் சுற்றி மறுபக்கம் ஒளியும், நீங்கள் நகராமல் நின்றால் தானே சுற்றி வரும். மாங்குயில், வால் காக்கை, தேன்சிட்டு, தையல் சிட்டு, கொண்டைக்குருவி எல்லாம் இங்கே சாதாரணம். பொந்துள்ள பழைய மரத்தைக் கண்டால் பொந்தின் வாயைப் பாருங்கள், புள்ளி ஆந்தை உங்களை முன்பே பார்த்துக்கொண்டிருக்கலாம். குளிர்காலம் என்றால் அரசவால் ஈப்பிடிப்பான் கண்ணில் படவும் வாய்ப்புண்டு. பெண்ணுக்கும் இளம் பறவைக்கும் அந்த நீண்ட வால் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். வெட்டவெளியில் ஆள்காட்டி கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றினால் அதன் முட்டையோ குஞ்சோ தரையில் பக்கத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம், வந்த வழியே பின்வாங்குங்கள்.

பாதையை விட்டு உள்ளே நுழைய வேண்டாம். காப்புக்காடாக இருந்தால் அனுமதியின்றிப் போகக் கூடாது, இல்லாவிட்டாலும் முள்ளும் பாம்பும் உண்டு. பிள்ளைகளுக்குச் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

குரலை வைத்துப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைப் பற்றிக் கேட்பீர்கள். இந்தியப் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். தோப்பில் உதவும். ஏரிக்கரை இரைச்சலில் அதை நம்பாதீர்கள். அது சொல்லும் பெயரைப் பறவையைக் கண்ணால் பார்த்தபின் ஏற்றுக்கொள்வதே சரி. ஆனால் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் இன்னொருவன் வந்துவிட்டான் என்று அது அலறி அடித்து வரும், கூட்டைக்கூட விட்டுவிட்டு வரும். கூட்டருகே போய் போட்டோ எடுப்பது, கல்லெறிந்து பறக்க வைப்பது, ட்ரோன் விடுவது எல்லாமே இந்த வகைதான். பெரியவர்கள் பறக்கும்போது குஞ்சு வெயிலில் கிடக்கும், காகம் காத்திருக்கும்.

கரிக்கிலி

ஒன்பதரை வாக்கில் வண்டியில் உட்கார்ந்து இட்லியை முடித்துவிட்டு, பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கரிக்கிலிக்குப் போங்கள். வேடந்தாங்கலுக்கு வரும் கூட்டத்தில் கால்வாசிகூட இங்கே வராது. இரண்டு ஏரிகள், நடுவில் வயல். வாத்துகளுக்கும் உள்ளான்களுக்கும் இதுதான் நல்ல இடம். முன்பே சொன்ன வெளிநாட்டு விருந்தாளிகளை இங்கே தேடுங்கள்: கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் தீட்டியது ஆண் நீலச்சிறகி, வால் ஊசியாக நீண்டது ஆண் ஊசிவால் வாத்து, மண்வெட்டி அலகோடு தண்ணீரை அரித்துக்கொண்டே போவது தட்டைவாயன். ஆழமில்லாத ஓரத்தில் ரோஸ் நிறக் குச்சிக்கால்களில் நடப்பது நெடுங்கால் உள்ளான். வாத்துகள் தூரத்தில்தான் இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்குச் சலிப்பு தட்டலாம். அவர்கள் தூங்கிவிட்டால் ஒருவர் வண்டியில் இருக்க, மற்றவர்கள் முறைவைத்துப் போய்ப் பார்த்து வாருங்கள்.

வந்தவர்களின் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் கரிக்கிலியை விட்டுவிடலாம். மரத்தடி அரை மணி நேரத்தை வெட்டி இதைச் சேர்க்காதீர்கள்.

எழுதி வைப்பது

நோட்டில் நேரம், இடம், பார்த்தது, அது செய்துகொண்டிருந்தது. நான்காவது பத்திதான் முக்கியம். பெயர் தெரியாவிட்டால் அலகு, கால், அளவு (காகத்தைவிடப் பெரிதா சிறிதா) என்று குறித்தால் வீட்டுக்கு வந்து தேடலாம். கொஞ்சம் ருசி கண்டுவிட்டால் இபேர்ட் செயலியில் பட்டியல் போடப் பழகுங்கள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்த எல்லா இனத்தையும் எண்ணிக்கையோடு பதிவது வழக்கம். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இப்படித்தான் நடக்கிறது. பண்டிகை நாட்களில் ஊரில் இருந்தபடியே, வீட்டு வாசலில் நின்றுகூடக் கலந்துகொள்ளலாம். பிள்ளைகள் பழகிய கையோடு அடுத்த பொங்கலுக்குத் தாத்தா வீட்டுக் கொல்லையில் தாங்களே எண்ணுவார்கள்.

மதியம், அல்லது மாலைப் பயணம்

பதினொரு மணிக்குமேல் ஏரியில் இருந்து பயனில்லை. திரும்பும் வழியை மதுராந்தகம் பக்கமாக மாற்றிக்கொண்டால், நடை சாத்துவதற்குள் ஏரி காத்த ராமர் கோயிலைப் பார்த்துவிடலாம். பெருமழையில் மதுராந்தகம் ஏரிக்கரை உடையப்போன இரவில் ராமரும் லட்சுமணரும் வில்லேந்திக் காவல் நின்றதைப் பார்த்ததாக அந்தக் கோயில் கதை சொல்லும் கலெக்டர் வேறு யாருமில்லை, பறவைகளுக்குக் கவுல் எழுதிக் கொடுத்த அதே பிளேஸ் துரைதான். பாட்டிமார்களுக்கு இந்த ஒரு தகவலுக்காகவே பயணம் பிடித்துப்போகும்.

விடிகாலையில் எழுந்திருக்க வழியே இல்லாத குடும்பங்கள் வரிசையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டரை மணிக்குக் கரிக்கிலி, நாலு மணிக்குள் வேடந்தாங்கல் கரை, அங்கே ஒரு மரம். ஐந்து மணிக்குமேல் வயலுக்குப் போனவை எல்லாம் கூட்டங்கூட்டமாகத் திரும்பும், வக்காக்கள் எதிர்த்திசையில் வேலைக்குக் கிளம்பும். ஆறு மணிக்குக் கதவடைப்பு. ஞாயிறு மாலை என்றால் பரனூரில் வண்டிகள் தேங்கி நிற்கும், பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாட்டைச் செங்கல்பட்டிலேயே முடித்துவிடுங்கள்.